கை சுத்தம்

'கை சுத்தம்' என்றால் ஊருக்கெல்லாம் ஓர் அர்த்தம்: அடுத்தவர் பொருளைத் தொடாதவர் என்று. சில்லுவின் அம்மா வேலை பார்த்த கார்ட்டூன் ஸ்டூடியோவில் அதற்கு வேறு அர்த்தம். வில்லன் உயரத்திலிருந்து விழுந்து சாகிற காட்சியில் நல்லவரின் கை அவன்மேல் பட்டிருக்கக் கூடாது. பட்டிருந்தால் காப்பாற்றத்தான் பட்டிருக்க வேண்டும். பார்க்கிறவர் மனதில் துளி சந்தேகம் வராதபடி அதை வரைந்து முடித்தால் 'கை சுத்தம் ஆச்சு' என்பார்கள். டைரக்டர் காலையில் உள்ளே நுழைந்ததும் வணக்கத்துக்கு முன்னால் கேட்கிற கேள்வியே அதுதான்.

இந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பதினோரு வருஷத்தில் மலையிலிருந்தும் கோபுரத்திலிருந்தும் கப்பல் கொடிமரத்திலிருந்தும் முப்பது நாற்பது பேரைக் கீழே அனுப்பியிருக்கிறாள். ஒருத்தர் மேலும் ஒரு நல்லவரின் கைரேகை கிடையாது. ஆபீசில் அவளுக்குப் பேரே 'பள்ளத்தாக்கு அக்கா'. அவள் டீ எடுக்கப் போனால் மாடிப்படியில் நிற்கிறவர்கள் அவசரமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது போல நடிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

கடைசியாக அவள் வரைந்த படத்தின் நியாயத்தைக் கொஞ்சம் கேளுங்கள். கதாநாயகி ஒரு துடுக்குக்காரி. மணிக்கூண்டுச் சாவியைத் திருடுகிறாள், வாயைத் திறந்தால் பொய், அணைக்கட்டின் மதகைத் திறந்துவிட்டுச் சந்தையையே மூழ்கடிக்கிறாள். நாற்பது படகு கவிழ்கிறது. தண்ணீரில் விழுந்த வியாபாரியின் சட்டைக்குள்ளிருந்து மீன் துள்ளும், தியேட்டரே சிரிக்கும். வில்லன், அந்த மணிக்கூண்டின் காவலாளி. ஒற்றைக் கண், கோணல் மூக்கு. அவன் எரித்தது ஒரே ஒரு படகு. அதற்காக அவன் ஐந்து மாடி உயரத்திலிருந்து விழ, கீழே ஊரே கைதட்ட, பாட்டு. நாற்பது படகுக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்கும் அப்போது தோன்றவில்லை, அதுதான் விஷயம்.

இந்தப் படத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கதாநாயகி காவலாளியின் கையைப் பிடித்துவிடுகிறாள். பிடித்த பிறகு அவன் எப்படி விழுவான்?

"நாலே நாலு ஃப்ரேம்ல விரலைத் தளர்த்திடு" என்றார் டைரக்டர். "விட்டாத்தான் அவன் விழுவான். ஆனா விட்ட மாதிரித் தெரியக் கூடாது. ஜனங்க கண்ணுக்கு அவனா வழுக்கின மாதிரிதான் படும்."

ஒரு விநாடிக்கு இருபத்துநாலு ஃப்ரேம். நாலு என்பது கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. அதை அவள் வீட்டில் உட்கார்ந்துதான் வரைந்தாள். சில்லுவின் அப்பா சரக்குக் கப்பலில் மெக்கானிக், வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில். அதனால் விடுமுறை நாட்களில் வேலையும் பிள்ளையும் ஒரே மேஜையில். சில்லுவுக்கு ஏழு வயது. அம்மா மடியில் சாய்ந்துகொண்டு, அந்த நாலு ஃப்ரேமும் முன்னும் பின்னும் நகர்வதை மெதுவாக, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அம்மா, அந்த அக்கா கையை விட்டுட்டா."

"விடலடி. அவனா வழுக்கிட்டான்."

"விட்டா. நான் பார்த்தேன். முதல்ல சுண்டு விரல், அப்புறம் இது, அப்புறம் இது."

"அவ நல்லவ சில்லு. நல்லவங்க பண்ணா தப்பில்ல. சும்மா இரேன், எனக்கு வேலை ஓடணும்."

வேலை மும்முரத்தில் வாயில் வந்த வார்த்தை. சொன்னவள் அன்றைக்கே மறந்துவிட்டாள்.

படம் வெளியாகி, பள்ளிக்கூடத்தில் வகுப்போடு எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். தன் அம்மா வரைந்த படம் என்று சில்லுவுக்குத் தலை கால் புரியவில்லை. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் இது நடந்தது.

சில்லு மேஜையில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் முக்கித் தின்றுகொண்டிருந்தாள். இன்னும் வெயில் இருந்தது, ஜன்னல் வழியாக எதிர்ப் பக்கத்து மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வில்லன் விழுந்தப்புறம் எந்திரிச்சு நடந்தா என்ன ஆகும்?"

"எந்திரிக்க மாட்டான்."

"எந்திரிச்சா?"

"படத்துல எந்திரிக்கவே மாட்டாங்கடி. விழுந்தா அவ்வளவுதான்."

சில்லு யோசித்தாள். ரொட்டித் துண்டு பாலுக்குள் உடைந்து விழுந்தது.

"பட்டாணி எந்திரிச்சுட்டாளே."

பட்டாணி எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனின் மகள். சில்லுவோடு ஒரே வகுப்பு. மாறுகண் சரியாவதற்காக டாக்டர் அவள் கண்ணாடியில் ஒரு பக்கத்தை மூடி ஒட்டுப் போட்டிருந்தார். தினமும் சாயங்காலம் எலக்ட்ரீஷியன்தான் இரண்டு பேரையும் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வருவார். அவர் வேலை முடித்து வர அரை மணி நேரம் ஆகும், அதுவரை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் விளையாடுவார்கள்.

அம்மா குழாயை மூடினாள். "எங்க விழுந்தா?"

"பின்னாடி இரும்புப் படிக்கட்டுல. மணிக்கூண்டு விளையாடினோம்."

"கடைசிப் படியிலயா?"

"மேல. மாடியில."

அந்தப் படிக்கட்டு அவளுக்குத் தெரியும். தீப்பிடித்தால் இறங்குவதற்காகக் கட்டிடத்துக்கு வெளியே வைத்தது. பிள்ளைகள் ஏறக் கூடாது என்று பலகை தொங்கும். முதல் மாடித் திட்டிலிருந்து கீழே சிமெண்ட் தரை, ஓரத்தில் கொஞ்சம் செடிகள். ஈரக் கையோடு வந்து சில்லுவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"என்ன நடந்ததுன்னு ஒண்ணு விடாம சொல்லு."

சில்லுவுக்கு ஒளிக்கத் தெரியவில்லை. ஒளிக்க வேண்டியது ஒன்றுமில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பட்டாணிதான் வில்லன். எப்போதும் அவள்தான், ஏனென்றால் அவளுக்கு ஒற்றைக் கண். சில்லுதான் நல்லவள், ஏனென்றால் படத்தை வரைந்தது அவள் அம்மா. பட்டாணி கம்பிக்கு அந்தப் பக்கம் விளிம்பில் நின்று பின்னால் சாய்ந்தாள். சில்லு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்?"

சில்லு பால் ஒட்டிய கையை நீட்டினாள். சுண்டு விரலை விரித்தாள். பிறகு அடுத்த விரல். பிறகு அடுத்தது. நிதானமாக, அச்சுப் பிசகாமல்.

அது அம்மா வரைந்த கை. பெருவிரல் கடைசியில் லேசாக மடங்கி நிற்பது வரை அவளுடையது. ஸ்டூடியோவில் யாரும், தியேட்டரில் ஆயிரக்கணக்கான பேர் யாரும் கண்டுபிடிக்காததை இவள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்.

"அப்புறம் அவ செடி மேல விழுந்து கீழ உருண்டா. தலையில டங்குன்னு சத்தம். கொஞ்ச நேரம் படுத்திருந்தா. அப்புறம் எந்திரிச்சுட்டா. அழவேயில்லம்மா. மேல ஏறினது தெரிஞ்சா டீச்சர் திட்டுவாங்கன்னு, கடைசிப் படியில தடுக்கிச்சுன்னு சொல்லிக்கிட்டோம்."

எதிர்வீட்டுக் கதவு நாலடி தூரம். அவள் போய்த் தட்டினாள். எலக்ட்ரீஷியன் பனியனோடு, தோளில் துண்டோடு வந்து திறந்தார். அவர் மனைவிக்குத் துணிக்கடையில் வேலை, எட்டு மணிக்குத்தான் வருவாள்.

"வாங்க தங்கச்சி."

"பட்டாணி எங்கண்ணே?"

"படியில தடுக்கிட்டாளாம், தலையில சின்னதா ஒரு வீக்கம். அத விடுங்க, வந்ததுலேர்ந்து ரெண்டு தடவ வாந்தி. மத்தியானம் எதையோ தின்னிருக்கு. இப்பத்தான் கண் அசந்தா. நல்லாத் தூங்கறா." நிம்மதியாகச் சொன்னார்.

அவர் தோளுக்குப் பின்னால், கூடத்துச் சோபாவில் பட்டாணி ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண்ணாடி தரையில் கிடந்தது. குழந்தை தூங்குவதைப் பார்த்து இப்படிப் பயந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். "சரிண்ணே, தூங்கட்டும்" என்றுதான் அவள் வாயிலிருந்து வந்தது. திரும்பி வந்து கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

மனது என்னென்னவோ கணக்குப் போட்டது. சொன்னால் சில்லுவின் கதி என்ன? பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள்? இந்த மாடிப்படியில் ஏறி இறங்குகிற ஒவ்வொருவரும் இவளைப் பார்த்துத் தங்கள் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்கள். ஏழு வயதில் ஒட்டுகிற பேர் எழுபதிலும் போகாது. ஒருவேளை அது வெறும் அஜீரணமாகக்கூட இருக்கலாம். நாளைக்குக் காலையில் பட்டாணி எழுந்து குதிப்பாள், நாம்தான் இல்லாததைக் கிளறிக் குட்டையைக் குழப்பியிருப்போம். இப்படியே நின்றாள். கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிஷம் போயிருந்தது.

"அம்மா, பட்டாணி செத்துப் போயிடுவாளா?" என்றாள் சில்லு. பயந்து கேட்கவில்லை. படம் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்பது போலக் கேட்டாள்.

அம்மா ஓடினாள். இந்தத் தடவை கதவைத் தட்டவில்லை, அறைந்தாள்.

"அண்ணே, அவ கடைசிப் படியில விழல. மாடியிலேர்ந்து விழுந்திருக்கா. சில்லு இப்பத்தான் சொன்னா. தூங்க விடாதீங்க, எழுப்புங்க, எழுப்புங்க."

"மாடியிலேர்ந்தா? எப்படி?"

அங்கேதான் அவள் பதினோரு வருஷப் பழக்கம் கைகொடுத்தது. யோசிக்கவே தேவைப்படவில்லை.

"கம்பிக்கு அந்தப் பக்கம் போயிருக்கா. சில்லு பிடிக்கப் பார்த்திருக்கா. முடியல. வழுக்கிட்டா."

கை சுத்தம் ஆச்சு.

எலக்ட்ரீஷியன் மகளை உலுக்கினார். "பட்டாணி! ஏய் பட்டாணி! அப்பா கூப்பிடறேன் பாரு!" அவள் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துவண்டது. இமையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கருவிழி பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் படியிறங்கினார். இவள் சில்லுவை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடித் தெருமுனையில் ஆட்டோவை மறித்தாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டாணியின் அம்மா கடையிலிருந்து அப்படியே ஓடி வந்தாள். வந்தவள் சில்லுவை வாரி எடுத்துக் கட்டிக்கொண்டு, "நீ சொல்லலேன்னா என் பொண்ணு போயிருப்பாளேடி கண்ணு" என்று கதறினாள். சில்லு அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

அந்த இரண்டரை மணி நேரம் சில்லுவின் அம்மா அனுபவித்ததை நரகம் என்று சொன்னால் அது மரியாதையான வார்த்தை. பட்டாணி கண் விழிக்க வேண்டுமே என்று ஈரக்குலை துடித்தது. விழித்தால் பேசுவாளே என்றும் துடித்தது. இரண்டும் ஒரே நெஞ்சில். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'எந்திரிக்கலேன்னா' என்று உள்ளே ஒரு குரல் ஆரம்பித்தது. அவள் எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பயந்து, தலையைக் குனிந்தபடியே வாயைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பட்டாணி பிழைத்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச நேரம் தூங்க விட்டிருந்தா எங்க கையில ஒண்ணும் இருந்திருக்காது" என்றார் டாக்டர். அந்தப் பத்து நிமிஷம் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு மூன்று நாள் சில்லுவின் அம்மாவுக்குப் புகழ் மழை. எலக்ட்ரீஷியன் பார்க்கிறவரிடமெல்லாம், "இந்தத் தங்கச்சிதான் என் பொண்ணுக்கு உயிர் குடுத்தது" என்று சொல்லிக் கண் கலங்கினார். தலைமை ஆசிரியை போனில் கூப்பிட்டு, சில்லு கையை நீட்டிக் காப்பாற்றப் பார்த்ததைக் காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் சொன்னதாகவும், பிள்ளைகள் கைதட்டியதாகவும் சொன்னார். சில்லு அதைச் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அவளுக்குச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அம்மாவுக்குத்தான் இரண்டும் இல்லை. தன் பிள்ளை தூங்குகிற முகத்தை அவள் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு சுருக்கம், ஒரு கலக்கம், எதுவும் இல்லை. அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே அச்சமாக இருந்தது. தான் பெற்றதைப் பார்த்துத் தானே அஞ்சுவது எப்படிப்பட்டது என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

நாலாம் நாள் காலை, பார்வையாளர் நேரத்தில் இரண்டு பேரும் போனார்கள். பட்டாணி தலையில் பெரிய கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தாள். எலக்ட்ரீஷியன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"பாரு பட்டாணி, யாரு வந்திருக்கான்னு!"

பட்டாணி மெல்லத் திரும்பினாள். குரல் நூல் மாதிரி வந்தது. "அத்தை, சில்லுவை அடிச்சீங்களா?"

"இல்லடா கண்ணு. எதுக்கு அடிக்கணும்?"

"அடிக்காதீங்க. அவ நல்லவ. நான்தானே வில்லன்? வில்லன்னா விழணும்ல, அதான் விழுந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நானாத்தான் விழுந்தேன்" என்றாள்.

எலக்ட்ரீஷியன் சிரித்தார். "தலையில தையல் போட்டும் விளையாட்டுப் புத்தி போகல பாருங்க தங்கச்சி!"

முடிந்தது. இனி ஒரு வார்த்தை யாரும் கேட்கப் போவதில்லை. விழுந்தவளே சொல்லிவிட்டாள். இதைவிடச் சுத்தமான கையை அவள் ஆயுளில் வரைந்ததில்லை. மூச்சை விட்டுக்கொண்டு சில்லுவைப் பார்த்தாள். சில்லு கதவோரம் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆமாம், ஆமாம், பட்டாணி சரியாகச் சொல்லிவிட்டாள் என்று, டீச்சர் சொன்ன பாடத்தைத் தோழி ஒப்பிக்கக் கேட்பவள் போல.

அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு மற்ற எல்லாப் பயமும் சின்னதாகப் போயிற்று.

"அண்ணே" என்றாள். "அவளா விழல."

எலக்ட்ரீஷியன் சுளையைப் பிரித்த கையோடு நிமிர்ந்தார்.

"சில்லு அவ கையைப் பிடிச்சிருந்தா. வேணும்னே விட்டா. எனக்கு அன்னைக்கே தெரியும். உங்ககிட்ட வழுக்கிட்டான்னு பூசி மெழுகிட்டேன். முதல் தடவ கதவத் தட்டினப்பவே எல்லாம் தெரியும். தெரிஞ்சும் திரும்பிப் போய்ப் பத்து நிமிஷம் கதவச் சாத்திக்கிட்டு நின்னேன்."

அவர் ஆரஞ்சைத் தட்டில் வைத்தார். துண்டில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு எழுந்து வந்து சில்லுவின் முன்னால் நின்றார்.

"ஏம்மா விட்ட?"

"அவ விழணும் மாமா" என்றாள் சில்லு. இது தெரியாதா என்கிற மாதிரி. "இல்லேன்னா படம் முடியாதுல்ல."

"அப்படின்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

சில்லு அம்மாவைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

"நான்தாண்ணே" என்றாள் அம்மா. "இவளை மடியில வச்சுக்கிட்டு நான்தான் அத வரைஞ்சேன். நல்லவங்க பண்ணா தப்பில்லைன்னும் நான்தான் சொன்னேன். இவ மேல எதுவும் இல்ல. தப்பு என்னோடது."

எலக்ட்ரீஷியன் கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார்.

தங்கச்சி போய் அம்மா வந்திருந்தது. அந்த ஒரு சொல்லில் ஆறு வருஷத்து எதிர்வீடு முடிந்துபோனதை அவள் கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, "வா சில்லு, போலாம்" என்று கையை நீட்டினாள்.

சில்லு வரவில்லை. அம்மாவின் முகத்தையும் எலக்ட்ரீஷியனின் முகத்தையும் கட்டிலில் கிடப்பவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ இடம் மாறிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இல்லாத கலக்கம் இப்போதுதான் அந்த முகத்தில் வந்தது, ஆனால் அது பட்டாணியைப் பார்த்து வந்ததில்லை, அம்மாவைப் பார்த்து வந்தது. ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். இன்னோர் அடி. எலக்ட்ரீஷியனின் காலுக்குப் பின்னால் போய் அவர் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகூடப் போ" என்றார் அவர், குரல் உடைந்து.

"மாட்டேன் மாமா. அம்மாதான் வில்லனாம். எனக்குப் பயமா இருக்கு."